துண்டு துண்டாய் ஒரு கல்யாணம்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த வட்டு எதுவானாலும், அதில் ஒரு கோப்பு இத்தனை பைட்டைத் தாண்டி வளராது. பேச்சு வழக்கில் 4 ஜிபி. கோப்பின் அளவைக் குறித்துவைக்க அந்த முறையில் ஒதுக்கியிருப்பது 4 பைட், அதாவது 32 பிட். அந்த இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். 1980களின் டாஸிலேயே இருந்த ஏற்பாடு இது. 1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு ஃபேட்32 வந்தபோது, வட்டின் மொத்த அளவுக்கு இருந்த 2 ஜிபி தடையை விலக்கினார்கள். கோப்பின் அளவுக்கான நாலு பைட்டைத் தொடவில்லை. அன்றைக்குச் சாதாரண கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கே ஒன்றிரண்டு ஜிபிதான். வட்டையே விஞ்சும் கோப்பு ஒன்று வரும் என்று எவர் கவலைப்பட்டிருப்பார்?

கவலை வந்தது, அதுவும் கல்யாண மண்டபத்தின் வழியாக. கோச்சடை முத்தையா கோயில் பக்கமிருந்து அரசரடி, காளவாசல் வரைக்கும், மேற்கே துவரிமான், மேலக்கால், சோழவந்தான் வரைக்கும் முகூர்த்த நாளில் ஓடி உழைக்கிற ஸ்டுடியோக்காரர்கள்தான் இந்த எண்ணோடு இருபது வருடமாக மல்லுக்கட்டியவர்கள். கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி. இவர்களுக்கோ பார்ட்டிக்குச் சொன்ன தேதியில் வீடியோ போய்ச் சேருமா சேராதா என்ற பிரச்சினை.

கணக்கைப் பாருங்கள். 2000-ஐ ஒட்டி மினிடிவி கேசட் கேமரா இங்கே பரவியது. ஒரு கேசட் 60 நிமிடம். முதல் நாள் மாலை பெண் அழைப்பும் வரவேற்பும், விடிந்தால் முகூர்த்தம், பிறகு பந்தி, மொய், மறுவீடு என்று ஒரு கல்யாணம் நாலைந்து கேசட்டை எளிதாகச் சாப்பிட்டுவிடும். நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறையில் இந்தக் கேசட்டின் ஒரு ஃபிரேம் 1,44,000 பைட். நொடிக்கு 25 ஃபிரேம். ஆக நொடிக்கு 36 லட்சம் பைட். ஒரு கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் ‘கேப்சர்’ செய்தால் ஏறக்குறைய 13 ஜிபி. விண்டோஸ் 98 ஓடும் கம்ப்யூட்டரில், ஃபேட்32 வட்டில், ஒரு கோப்பில் இதன் மூன்றில் ஒரு பங்குகூடக் கொள்ளாது: இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழைய கேப்சர் மென்பொருள் சிலவற்றில் 2 ஜிபியே எல்லை. பத்து நிமிடம்கூட முழுதாய் நிற்காது. இரண்டாவது சொன்ன எல்லைக்கு வட்டு காரணமில்லை. 1992-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏவிஐ வடிவத்தின் முதல் அமைப்பிலிருந்து வந்த குறை அது. 1996-ல் மேட்ராக்ஸ் நிறுவனம் முன்னின்று ஓப்பன்டிஎம்எல் என்ற விரிவாக்கத்தைத் தந்த பிறகே ஏவிஐ அதைத் தாண்டியது. வட்டுக்கு ஒரு வரம்பு, வடிவத்துக்கு இன்னொரு வரம்பு, மென்பொருளுக்கு மூன்றாவது. மூன்றில் எது முதலில் வந்து முட்டும் என்பது பட்டுத் தெரிந்துகொண்ட அறிவு.

வழி என்ன? துண்டு போடுவது. கேப்சர் மென்பொருளே ஒரு கோப்பு நிரம்பியதும் அடுத்ததைத் திறந்துகொள்ளும். இல்லையென்றால் கேசட்டைப் பின்னே சுற்றி, விட்ட இடத்திலிருந்து கையால் மறுபடி இறக்க வேண்டும். எடிட்டிங் மேசையில் துண்டுகளை வரிசையாக அடுக்கினால் பார்க்கிறவருக்கு வெட்டுத் தெரியாது. இதை ‘ஏதோ சமாளித்தார்கள்’ என்று தள்ளிவிடக் கூடாது. கைக்குள் இருந்த கருவியின் எல்லையைப் புரிந்துகொண்டு, புதிய மெஷினும் புதிய விண்டோஸும் வாங்கக் காசில்லாத நிலையில் தொழிலை ஓட்டிய திறமை அது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-லேயே வந்துவிட்டது. அதற்குப் போய் வட்டை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய கேப்சர் கார்டுக்கு எக்ஸ்பி டிரைவர் கிடைக்காமல் விண்டோஸ் 98-லேயே தங்கிப்போனவர்களுக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்?

துண்டு போடுவதற்கு இன்னொரு பலனும் இருந்தது. அதை யாரும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லை. யுபிஎஸ் பேட்டரி தாங்குகிற நேரத்துக்குள் ஒன்றரை மணி நேரப் படத்தை ரெண்டர் செய்து முடிக்க வழியே கிடையாது. பாதியில் மெஷின் அணைந்தால், எம்பி4 மாதிரியான வடிவங்களில் அதுவரை எழுதியது மொத்தமும் வீண். எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பொதுவாகக் கடைசியில்தான் எழுதுவார்கள், அது இல்லாமல் கோப்பு திறக்காது. இருபது நிமிடத் துண்டுகளாக ரெண்டர் செய்தவனுக்கு முடிந்த துண்டுகள் மிஞ்சின. வட்டில் ஒரு இடம் கெட்டாலும் ஒரு துண்டோடு நஷ்டம் நின்றது. பெரிய கோப்பே நல்ல கோப்பு என்று இன்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே துண்டு போடலாமா கூடாதா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. போடத்தான் வேண்டியிருந்தது, போட்டார்கள். கேட்க வேண்டியது வேறு: துண்டுகளை மறுபடி சேர்ப்பதற்கான விவரம் எங்கே இருக்கிறது? கோப்புக்குள்ளேயா, பக்கத்திலிருக்கும் இன்னொரு கோப்பிலா, அல்லது எடிட்டரின் மண்டைக்குள் மட்டுமா? ஒவ்வொரு வழியின் தரத்தையும் இதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

நல்லதில் தொடங்குவோம். வீடு வீடாகக் கிடக்கிற கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், படம் ஒரே கோப்பாக இருக்காது. விஓபி என்று முடியும் கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் வரிசை எண்ணோடு நிற்கும். பழைய கணினிகளும் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்று டிவிடி விதியிலேயே அப்படி வைத்தார்கள். பக்கத்தில் ஐஎஃப்ஓ என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது, எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில். அதற்கும் ஒரு நகல் வட்டிலேயே உண்டு. கேசட்டை விட்டு டிவிடிக்கு வந்த பாட்டிக்கோ தாத்தாவுக்கோ, தாங்கள் பார்க்கிற கல்யாணம் நாலைந்து துண்டு என்பது இன்று வரை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வரம்பைச் சுற்றிப் போவதென்றால் இப்படித்தான் போக வேண்டும்.

இதே முறையைத்தான் சின்ன ஹேண்டிகேம் முதல் பெரிய கேமரா வரை வந்த ஏவிசிஎச்டி வடிவமும் எடுத்துக்கொண்டது. கேசட் போய் எஸ்டி கார்டு வந்த காலம் அது. கார்டு ஃபேட்32, கேமரா தானே 2 ஜிபியிலோ 4 ஜிபியிலோ வெட்டிக்கொண்டு, எம்டிஎஸ் என்று முடியும் கோப்புகளாக ‘ஸ்ட்ரீம்’ என்ற ஃபோல்டரில் அடுக்கும். வெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எப்படி ஒட்டும் என்ற குறிப்பு, அடுத்தடுத்த ஃபோல்டர்களில் இருக்கும் சின்னச் சின்னக் கோப்புகளில். பிசகு இங்கேதான் நேர்ந்தது. கார்டைக் கம்ப்யூட்டரில் செருகியதும் கை நேரே ‘ஸ்ட்ரீம்’ ஃபோல்டருக்குப் போகும். படம் அதில்தான் இருக்கிறது. மற்றவை சில கேபி அளவில் கிடக்கிற, திறந்தாலும் ஒன்றும் புரியாத கோப்புகள். எம்டிஎஸ்களை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு கார்டை அடுத்த கல்யாணத்துக்கு ஃபார்மேட் செய்துவிடுவது நம்மூர் வழக்கமாகிப் போனது. பிறகு டைம்லைனில் அடுக்கும்போது ஒவ்வொரு ஒட்டிலும் நாதஸ்வரம் ஒரு கணம் விக்கும். சத்தத்தில் சில ஃபிரேம் காணாமல் போயிருக்கும். கேமராவைக் குறை சொல்வார்கள், மென்பொருளைக் குறை சொல்வார்கள், மேளக்காரரைக்கூடக் குறை சொன்னவர்கள் உண்டு. கார்டிலிருந்த முழு ஃபோல்டரையும் அப்படியே எடுத்து, எடிட்டிங் மென்பொருளின் இறக்குமதிப் பகுதி வழியாகக் கொண்டுவந்திருந்தால் விக்கல் வந்திருக்காது. வடிவம் சேர்க்கும் விவரத்தைக் கொடுத்தது. நாம் குப்பையென்று தள்ளினோம்.

குற்றம் முழுக்க நம்முடையது என்றும் சொல்ல மாட்டேன். முக்கியமான கோப்பை எவருக்கும் புரியாத பெயரில், புரியாத மூலையில் வைத்த வடிவமைப்பாளருக்கும் பங்கு இருக்கிறது. பெயர் வைப்பதில் இதைவிடப் பெரிய கூத்து கோப்ரோ கேமராவில் நடந்தது. அதன் பழைய மாடல்களில் ஒரு பதிவின் முதல் துண்டுக்கு ஜிஓபிஆர் என்று தொடங்கும் பெயர். இரண்டாம் துண்டுக்கு ஜிபி01, மூன்றாம் துண்டுக்கு ஜிபி02. அதற்குப் பிறகே பதிவின் எண். கம்ப்யூட்டர் பெயர் வரிசைப்படி அடுக்கும்போது முதலில் எல்லாப் பதிவுகளின் முதல் துண்டுகளும் வரும். பிறகு எல்லாப் பதிவுகளின் இரண்டாம் துண்டுகள். பிறகு மூன்றாம் துண்டுகள். மாப்பிள்ளை அழைப்பின் நடுப்பகுதி பந்தியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். பதிவின் எண்ணை முன்னே, துண்டின் எண்ணைப் பின்னே வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். பின்னால் வந்த மாடல்களில் எழுத்தை மாற்றினார்கள், துண்டு எண்ணை முன்னேயே வைத்தார்கள்.

மண்டபத்தில் மொய் எழுதுகிறவரின் நோட்டைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு நோட்டுக்குள் அடங்காத விசேஷம் என்றால் நோட்டு 1, நோட்டு 2 என்று அட்டையில் போடுவார். பக்கத்துக்குப் பக்கம் அடியில் கூட்டுத்தொகை எழுதுவார். கடைசியில் எல்லாப் பக்கத் தொகையையும் சேர்த்து மொத்தம். இடையில் ஒரு தாள் கிழிந்தாலும் எந்தத் தாள் போயிற்று, எவ்வளவு போயிற்று என்று அன்றிரவே தெரிந்துவிடும். துண்டு போட்ட கோப்புக்கு வேண்டியதும் இந்த இரண்டேதான்: வரிசை எண், சரிபார்க்க ஒரு தொகை. பெரிய கோப்பைத் துண்டாக்கும் ஆர்ஏஆர் மென்பொருள் இதைச் செய்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணும் சரிபார்ப்புத் தொகையும் உள்ளேயே இருக்கும். விரும்பினால் கெட்டதைச் சீர்செய்ய மீட்புப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். எச்ஜெஸ்பிளிட் மாதிரியான எளிய கருவிகளோ 001, 002 என்று பெயர் மட்டும் கொடுத்து வெட்டித் தரும். மொத்தம் எத்தனை துண்டு என்பது துண்டில் எங்கும் எழுதியிருக்காது. ஆறு துண்டில் ஆறாவது காணாமல் போனால் ஐந்தையும் சமத்தாக ஒட்டி, எல்லாம் சரி என்று கொடுத்துவிடும்.

ஒட்டுவதிலும் ஒரு பொதுவான தவறு உண்டு. விண்டோஸின் காப்பி கட்டளையில் ‘/பி’ சேர்த்து, கோப்புகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எச்ஜெஸ்பிளிட்டில் வெட்டியவை அப்படியே பழையபடி சேரும். எம்டிஎஸ்ஸும் விஓபியும்கூடப் பெரும்பாலும் ஓடும். நீரோட்டமாகப் படிப்பதற்கென்று வகுத்த வடிவங்கள் அவை. ஏவிஐயும் எம்பி4-உம் அப்படி ஓடா. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பும் தன் அட்டவணையும் இருப்பதால், ஒட்டிய கோப்பில் முதல் துண்டு மட்டும் ஓடி நின்றுவிடும். கோப்பின் அளவு மட்டும் பெரிதாகவே காட்டும். அதைப் பார்த்துத் திருப்தியடைந்து அசல் துண்டுகளை அழித்துவிடும் ஆபத்து இதில்தான் அதிகம்.

வரம்பைத் தாண்ட இன்னொரு வழி நெருக்குவது. பென்டிரைவில் வீடியோ கேட்கும் பழக்கம் வந்த பிறகு இது பெருகியது. வீட்டுத் தொலைக்காட்சி பழையது, ஃபேட்32 பென்டிரைவை மட்டும் படிக்கிறது. பார்ட்டிக்கோ ஒரே கோப்பாக வேண்டும், ‘பாகம் 1, பாகம் 2’ என்று ரிமோட்டைத் தேடும் சிரமம் வேண்டாம். சரியென்று மூன்று மணி நேரப் படத்தை 4 ஜிபிக்குள் திணிப்பார்கள். கணக்குப்படி நொடிக்கு 3 மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். முழு எச்டி படத்துக்கு அது போதாது. பேசிக்கொண்டிருக்கும் முகத்தில் குறை தெரியாது. அட்சதை பறக்கும்போதும், பட்டுச் சரிகை அசையும்போதும், மல்லிகைச் சரத்தில் வெளிச்சம் விழும்போதும் படம் கட்டம் கட்டமாக உடையும். கல்யாண வீடியோவில் பார்க்க வேண்டியதே அவைதானே! 8 மெகாபிட்டில் விட்டால் 11 ஜிபிக்குள் அடங்கி, மூன்று துண்டாக நிற்கும். துண்டுகளை என்றாவது ஒட்டிக்கொள்ளலாம். நெருக்கி இழந்ததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், பார்ட்டி முகம் சுளித்தாலும் துண்டுதான் மேல்.

எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2 கேமரா கல்யாணப் படப்பிடிப்பின் தோற்றத்தையே மாற்றியது. ஆனால் ஒரு பதிவு 4 ஜிபியை எட்டியதும், அதாவது 12 நிமிடம் அளவில், அது நின்றுவிடும். தானாக அடுத்த கோப்பைத் தொடங்காது. தாலி கட்டுவது பன்னிரண்டாவது நிமிடத்திலா பதின்மூன்றாவதிலா என்று ஐயர் கேமராவைப் பார்த்துச் சொல்லப்போவதில்லை. விவரமறிந்தவர்கள் மணப்பெண் கூறைப்புடவை மாற்றி மேடைக்குத் திரும்பியதும் தாங்களே ஒருமுறை நிறுத்தி, புதிதாகத் தொடங்கிக்கொண்டார்கள். இயந்திரம் பைட்டைப் பார்த்து வெட்டும், மனிதன் சடங்கைப் பார்த்து வெட்டினான். 2012-ல் வந்த மார்க் 3 தானே கோப்பை மாற்றிக்கொண்டு 29 நிமிடம் 59 நொடி வரை ஓடியது. அந்த ஒரு நொடிக் குறைவுக்குக் காரணம் தொழில்நுட்பமே இல்லை. அரை மணி நேரம் பதியும் கருவியை வீடியோ கேமராவாகக் கருதிக் கூடுதல் வரி விதித்த ஐரோப்பியச் சுங்கக் கணக்கு. பிரஸல்ஸில் போட்ட விதி மேலக்கால் சாலை மண்டபத்தில் நலுங்கை வெட்டியது.

கேசட்டிலிருந்து கார்டுக்கு மாறியதில் துண்டு போடும் பழக்கத்தின் ஆபத்து ஒரு படி கூடியதை அன்று பெரிதாக யாரும் பேசவில்லை. கேசட் காலத்தில் கம்ப்யூட்டரில் வெட்டியது நகல். அசல் கேசட் அலமாரியில் முழுசாக இருந்தது. துண்டு ஒன்று கெட்டால் கேசட்டை மறுபடி ஓட்டி இறக்கினால் போதும். கார்டில் துண்டே அசல். நகல் எடுத்ததும் கார்டு காலி. சேர்க்கும் விவரம் தொலைந்தால் திரும்பிப் போக இடமில்லை.

அலுவலகக் கணக்குகளிலும் இதே கதை நடந்தது; ஆனால் அங்கே கொஞ்சம் நிதானம் இருந்தது. ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில்லிங் மென்பொருளை ஒரு காலத்தில் பல கடைகள் நம்பியிருந்தன. அதில் ஒரு டேபிளுக்கு 2 ஜிபி வரம்பு. கடைசிப் பதிப்பு 2004-ல் வந்தது, மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது, வரம்பு மட்டும் கடைசி வரை மாறவில்லை. கடைக்காரர்கள் நிதியாண்டுக்கு ஒரு கோப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். டேலி கணக்கு மென்பொருளிலும் நிறுவனக் கணக்கை ஒரு தேதியில் இரண்டாகப் பிரிக்க வசதி உண்டு. முந்தைய ஆண்டின் இறுதி இருப்பு அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாக ஏறிவிடும். மார்ச் 31 என்பது கணக்கில் ஏற்கெனவே இருக்கிற மூட்டு. அதில் வெட்டினால் வலிக்காது. அவுட்லுக் மின்னஞ்சலில் நடந்தது இதற்கு எதிர். 2002 பதிப்பு வரை அதன் பிஎஸ்டி கோப்புக்கு 2 ஜிபி எல்லை. எல்லையைத் தொட்ட கோப்பு திறக்காமல் போய்விடும். மைக்ரோசாஃப்ட் கொடுத்த தீர்வு, கோப்பின் ஓரத்தில் சில மெகாபைட்டை வெட்டி எறிந்து மீதியைச் சரிசெய்யும் ஒரு கருவி. எந்தக் கடிதம் போயிற்று என்று கேட்டால் பதில் கிடையாது. 2003 பதிப்பில் வடிவத்தையே மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

எழுத்துக் கோப்புகளுக்கும் ஒரு சின்ன எல்லை இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 95, 98 காலத்து நோட்பேட் 64 கேபிக்கு மேல் உள்ள கோப்பைத் திறக்காமல் வேர்ட்பேடுக்குப் போகச் சொல்லும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பெரிய தமிழ் நூல்களை அந்தக் காலத்திலிருந்தே பாகம் பாகமாகப் பிரித்து வலையேற்றியது. அன்றைய தொலைபேசி இணைப்பின் வேகத்துக்கும் அதுவே தோதாக இருந்தது. நூலில் ஏற்கெனவே இருக்கும் பிரிவுகளை ஒட்டியே அந்தத் துண்டுகள் அமைந்தன. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நூலின் பெயர், ஆசிரியர், எந்தப் பாகம், தட்டச்சு செய்தவர் யார் என்ற விவரம். ஒற்றைக் கோப்பு எங்கோ தனியாக அகப்பட்டாலும் அது எதன் துண்டு என்று அதுவே சொல்லும். நம் வீடியோக் கோப்புகளில் எத்தனை அப்படிச் சொல்லும்?

அறியாமையைக் கம்ப்யூட்டரே வளர்த்ததும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஃபேட்32 வட்டுக்குக் காப்பி செய்தால், வட்டில் போதிய இடமில்லை, சில கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள் என்று வரும். வட்டு காலியாகவே இருக்கும்! ‘இந்த வட்டின் முறைக்கு இந்தக் கோப்பு பெரிது’ என்ற உண்மையைப் பின்வந்த பதிப்புகள்தான் சொல்லத் தொடங்கின. வரம்பு இருப்பதைவிட, வரம்பைப் பற்றிப் பொய் சொல்வது மோசம். அந்தச் செய்தியை நம்பித் தேவையான கோப்பை அழித்தவர்கள் எத்தனை பேரோ.

யூனிக்ஸ் உலகம் இதை நேராக எதிர்கொண்டது. அங்கே கழித்தல் குறிக்கு ஒரு பிட் போய்விட, எல்லை 2 ஜிபியாக இருந்தது. 1996-ல் நிறுவனங்கள் கூடிப் பேசி, கோப்பின் அளவை 64 பிட்டில் எழுதும் பொது ஏற்பாட்டுக்கு வந்தன. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 அதை உள்வாங்கிக்கொண்டது. பழைய நிரல்களை மறுபடி கம்பைல் செய்யும் தொல்லை சில வருடம் இருந்தது. பிறகு எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

விண்டோஸ் பக்கம் 2006-ல் எக்ஸ்ஃபேட் வந்தது. பெரிய எஸ்டி கார்டுகளுக்கு 2009-ல் அதுவே விதியானது. 4 ஜிபி எல்லை இதில் இல்லை. ஆனால் வட்டில் எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் அட்டவணையை ஃபேட்32 இரண்டு பிரதியாக வைக்கும், எக்ஸ்ஃபேட் பொதுவாக ஒன்றோடு நின்றுகொள்ளும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவை உருவுகிற நம் கைகளுக்கு இது நல்ல செய்தி இல்லை. மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை 2019-ல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டது; அதுவரை உரிமக் கட்டணம் கட்ட மனமில்லாத மலிவுக் கருவிகள் ஃபேட்32-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கருவிகளில் பல இன்றும் வீடுகளில் ஓடுகின்றன. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்பொன்றில், கட்டளை வழியாக 2 டிபி வரை ஃபேட்32 ஃபார்மேட் செய்ய மைக்ரோசாஃப்ட் இடம் கொடுத்தது. முன்பு 32 ஜிபியோடு நின்றது அது. வட்டு அறுபது மடங்குக்கு மேல் பெரிதானது. கோப்புக்கான நாலு பைட் அப்படியே இருக்கிறது.

ஆகவே துண்டு போடும் வேலை இன்னும் கொஞ்ச காலம் ஓயாது. இருபது வருடத்துக்கு முன் எடுத்த கல்யாணங்களைத் தேடி இப்போது ஆட்கள் வருகிறார்கள். அப்பா இல்லை, அவர் பந்தியில் நின்று பரிமாறிய காட்சி வேண்டும் என்பார்கள். ஸ்டுடியோ கைமாறியிருக்கும், எடிட்டர் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போயிருப்பார், ஹார்ட் டிஸ்கில் ‘புதிய ஃபோல்டர் 3’ என்பதற்குள் பெயரில்லாத ஏவிஐகள் கிடக்கும். வரிசை தெரிந்த ஒரே மண்டை ஊரில் இல்லை. துண்டு போட்டதை நான் குறையாகச் சொல்லவில்லை. எழுதி வைக்காததைச் சொல்கிறேன், அதற்கு எந்தத் தொழில்நுட்ப வரம்பும் காரணமில்லை.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. கார்டின் முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுங்கள். தேதி, விசேஷம், துண்டு எண் இந்த வரிசையில் பெயர் வையுங்கள். மொத்தம் எத்தனை துண்டு என்பதையும் பெயரிலேயே போடுங்கள். எது எதற்குப் பின் என்று ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். ஒட்டிய படத்தைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்க்காமல் அசலை அழிக்காதீர்கள். வீடியோ வாங்குகிறவர்களும் பென்டிரைவோடு அந்த எழுத்துக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.